உபதேசியார் தாத்தாவுக்குப் புனிதர் பட்டம்: மூன்று லட்சம் கேட்பவரிடம் என்ன சொல்வது?

கேள்வி: எங்கள் பங்கில் 35 வருடம் உபதேசியாராக இருந்த என் தாத்தா, வேலூரில் சிகிச்சையில் இருந்தபோது 2022 செப்டம்பரில் இறந்தார். அடக்கம் பெங்களூரு கல்பள்ளியில். அவர் பெயரில் தொடங்கிய ஃபேஸ்புக் பக்கத்தை 40,000 பேர் பின்தொடர்கிறார்கள். ‘புனித’ என்று போட்டு ஜெபப் படமும் அச்சடித்தோம். ரோமில் ஆள் இருக்கிறது, மூன்று லட்சம் கொடுத்தால் ஃபைல் நகரும் என்கிறார் ஒருவர். பக்கத்தில் சிலர் தாத்தாவைப் பற்றித் தப்பாக எழுதுகிறார்கள். அழித்துவிடலாமா? (வாசகர், லிங்கராஜபுரம்)

பதில்: பணம் கொடுக்காதீர்கள். ஒருவர் இறந்து ஐந்து ஆண்டு முடியும்வரை ஆயரிடம் விண்ணப்பமே கொடுக்க முடியாது. உங்கள் தாத்தாவுக்கு அது 2027 செப்டம்பர். அதுவரை ரோமில் நகர்த்துவதற்கு ஃபைல் என்று ஒன்று கிடையாது. அந்த ஆளிடம் ஒரே ஒரு காகிதம் கேளுங்கள்: ஆயரின் ஒப்புதலோடு அவரைப் போஸ்டுலேட்டராக, அதாவது புனிதர்பட்ட வழக்கை நடத்தும் பொறுப்பாளராக, நியமித்த கடிதம். அது இருக்காது.

பிற்பாடு வழக்கு, அதாவது தாத்தா புனிதரா என்று ஆராயும் திருச்சபை விசாரணை, தொடங்கினாலும் பணத்துக்கு ஒழுங்கு உண்டு. 2016-ல் ரோம் கொண்டுவந்த விதிகளின்படி நிதிக்கு ஒரு நிர்வாகி, வரவு செலவுக் கணக்கு, மேற்பார்வை எல்லாம் வேண்டும். புதுமையை (அற்புதத்தை) ஆராயும் மருத்துவர்களுக்குக்கூட ஊதியம் வங்கி வழியாகத்தான். தனி ஒருவரின் கியூஆர் கோடுக்கு இதில் இடமே இல்லை. உங்கள் பக்கத்தில் அப்படி ஒன்று இருந்தால் இன்றே எடுங்கள். தாத்தாவின் வேட்டித் துண்டு, முடி என்று யாராவது விற்க வந்தாலும் விரட்டுங்கள். திருப்பண்டங்களை விற்பதைத் திருச்சபைச் சட்டம் 1190 அடியோடு தடுக்கிறது. இத்தாலியின் இளம் புனிதர் கார்லோ அகுதிஸின் முடி என்று 2025-ல் இணையத்தில் ஏலம் விட்டார்கள்; அசிசி ஆயர் அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் புகார் கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்து, அந்த ஜெபப் படம். ‘புனித’ என்ற சொல்லும் தலைக்குப் பின்னால் ஒளிவட்டமும் வழக்கையே நிறுத்திவிடக்கூடியவை. திருச்சபை அறிவிக்கும் முன்பே ஒருவருக்குப் பொது வணக்கம் நடக்கக் கூடாது என்பது திருத்தந்தை எட்டாம் உர்பான் 17-ஆம் நூற்றாண்டில் போட்ட தடை, இன்றும் இருக்கிறது. விசாரணையின்போது கல்லறை, வாழ்ந்த வீடு, இறந்த அறை ஆகியவற்றைப் பார்த்து, பொது வணக்கம் இல்லை என்று சான்று எழுதுவார்கள். அச்சடித்ததை நிறுத்துங்கள். வீட்டில் தனியாக ஜெபிக்கத் தடை இல்லை.

இப்போது ஃபேஸ்புக். ‘புனிதர் என்ற பேர்’ தானாக எழுந்ததாக, நிலையாக, நம்பத்தகுந்தவர்களிடையே பரவியதாக இருக்க வேண்டும், செயற்கையாக உண்டாக்கியதாக இருக்கக் கூடாது என்று ரோமின் 2007 நெறிமுறை சொல்கிறது. எனவே 40,000 என்ற எண்ணிக்கை தனியாக எதையும் நிரூபிக்காது. காசு கட்டி ‘பூஸ்ட்’ செய்திருந்தால் உடனே நிறுத்தி, ரசீதுகளை எடுத்து வையுங்கள். நாளை கேட்டால் மறைக்காமல் காட்ட வேண்டும்.

தப்பாக எழுதுபவர்களின் பதிவை அழிக்காதீர்கள். இதைத்தான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். விண்ணப்பத்தோடு கொடுக்கும் சாட்சிப் பட்டியலில் எதிர்க் கருத்து உள்ளவர்களின் பெயரும் இருக்க வேண்டும் என்பது விதி. குற்றச்சாட்டை மறைத்தது பின்னால் தெரிந்தால், குற்றச்சாட்டைவிட மறைத்ததுதான் பெரிய பழியாகும். தேதியும் இணைப்பும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கோப்பில் போடுங்கள். பதில் சண்டை வேண்டாம்.

தாத்தா ஃபேஸ்புக்கில் எழுதியவை, வாட்ஸ்அப்பில் அனுப்பியவை எல்லாம் அவருடைய எழுத்துகளே. ஒருநாள் படித்துப் பார்ப்பார்கள். அவருக்குச் சொந்தக் கணக்கு இருந்தால் முதலில் உள்ளே போய் முழுத் தரவையும் பதிவிறக்குங்கள். அதற்கு முன் ‘நினைவுக் கணக்காக’ மாற்றச் சொல்லிவிட்டால் பிறகு யாரும் நுழைய முடியாது. வாட்ஸ்அப்புக்கு, அவரிடமிருந்து செய்தி பெற்றவர்களின் போனில் ‘எக்ஸ்போர்ட் சாட்’ செய்யுங்கள், குரல் பதிவுகளோடு. நல்லது மட்டும் பொறுக்க வேண்டாம்.

வரம் கிடைத்தது என்று கமெண்ட் போடுபவர்களிடம் நான்கு விஷயம் வாங்குங்கள்: நோய்க்கு முந்தைய ஸ்கேன், பிந்தைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, யாரை நோக்கி ஜெபித்தார்கள் என்று கையெழுத்திட்ட ஒரு பக்கம். நம் மக்கள் விவேக்நகர் குழந்தை இயேசுவுக்கு ஒன்பது வியாழன், வேளாங்கண்ணிக்கு நேர்ச்சை, கூடவே தாத்தாவிடமும் ஒரு ஜெபம் என்று சேர்த்தே வைப்பார்கள். பக்தியாக அதில் குறை இல்லை. ஆனால் யாருடைய பரிந்துரை என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாமல் போகிறது.

உங்கள் விஷயத்தில் உண்மையான சிக்கல் நீங்கள் கேட்காத இடத்தில் இருக்கிறது. இறந்த இடத்து ஆயருக்குத்தான் விசாரணை அதிகாரம். தாத்தா இறந்தது வேலூர் மறைமாவட்டத்தில். பெங்களூரு பேராயர் தானாகத் தொடங்க முடியாது. ஆனால் மாற்றிக்கொள்ள வழி உண்டு. பெங்களூரு பேராயர் முதலில் வேலூர் ஆயரின் எழுத்து மூலமான சம்மதத்தைப் பெற வேண்டும். அதன்பின் காரணங்களோடு ரோமில் உள்ள புனிதர்பட்டத் துறைக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். பணி செய்ததும் அடக்கமானதும் இங்கே, சாட்சிகள் இங்கே, பங்குப் பதிவேடுகள் இங்கே என்பவைதான் காரணங்கள். வேலூரில் இருந்தது சிகிச்சைக்காக மட்டுமே என்பதற்கு அட்மிஷன் தாளும் இறப்புச் சான்றிதழும் வேண்டும். வாய்ச் சம்மதம் போதாது. இரண்டு ஆயரகத்திலும் ஒரே நாளில் மனு கொடுத்துக் குழப்பவும் கூடாது.

துறவற சபை நிறுவியவர்களுக்கு ஓடியாட ஆள் இருக்கிறார்கள், நிதி இருக்கிறது. மிதிவண்டியில் வீடு வீடாகப் போய் ஜெபம் சொல்லிக்கொடுத்த உபதேசியாருக்கு யார் இருக்கிறார்கள்? பொதுநிலையினரான தேவசகாயம் 1752-ல் இரத்தம் சிந்தினார். பட்டம் வந்தது 2022-ல். திருச்சபை அலுவலகங்கள் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருப்பதாலேதான் மூன்று லட்சம் கேட்பவர்கள் பிழைக்கிறார்கள்.

இப்போதைக்கு, பங்குத்தந்தையின் கையெழுத்தோடு இரண்டு பக்கத்தில் ஒரு தகவல் கடிதம் எழுதி, பென்சன் டவுன் பேராயர் இல்லத்தில் நேரில் கொடுங்கள். தமிழ் மூலத்தோடு ஆங்கில மொழிபெயர்ப்பும் வையுங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பாதீர்கள்.