பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும், அண்ணே

"பிள்ளை நல்ல மார்க்தானே, கவலைப்படாதீங்க" என்றுதான் நானும் ஆரம்பித்தேன். உசிலம்பட்டிப் பக்கமிருந்து வந்த அந்த அப்பா, தாய்மாமன் சொன்னபடி மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கக் கிணற்றடி நிலத்தை அடகு வைக்கப்போவதாகச் சொன்னார். ஆறுதல் பேச்சு அதோடு சரி.

வேண்டாம் அண்ணே. மாமன் வட்டி கட்டப்போவதில்லை. அந்தப் படிப்பைக் கேட்டது மாமன்தான், உங்கள் மகள் இல்லை.

லீவில் என்னம்மா செய்தாய் என்றேன். போனை நீட்டினாள். கொய்யாக் கிளையில் பட்டையை வளையமாகச் சீவி, தென்னைநார்க் கழிவு வைத்துப் பாலிதீனில் கட்டிய விண்பதியம். உள்ளே சேமியா மாதிரி வெள்ளை வேர். "உரக்கடைப் பவுடர் தடவாம ஒரு கிளை விட்டேன் சார், அதுல வேரே வரல." ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றை விட்டுவைக்கணும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை!

வேர்ப் பவுடர்களில் பெரும்பாலும் இருப்பது ஐபிஏ என்ற, வேர் விடத் தூண்டும் ஆக்ஸின் வகை ஹார்மோன். செடியின் சிறு துண்டிலிருந்து கன்று வளர்க்கும் திசு வளர்ப்புக் கூடத்தில் அதே சங்கதி பாட்டிலுக்குள் நடக்கிறது. முதலில் பிஏபி என்ற இன்னொரு ஹார்மோன் கொடுத்துத் தளிரைப் பெருக்குவார்கள். பிறகு உப்புச்சத்தைப் பாதியாக்கிய ஊடகத்துக்கு, அதாவது பாட்டிலில் செடிக்கு உணவாகும் சத்துக்கலவைக்கு மாற்றி, லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவில் ஐபிஏ. அது தண்ணீரில் லேசில் கரையாது; ஆல்கஹாலிலோ காரத்திலோ கரைத்துத்தான் ஊற்றணும். குறைந்தால் வேர் வராது. கூடினால் அடித்தண்டில் கட்டி திரண்டு, வேர் தண்டோடு சரியாக ஒட்டாமல் போகும். வாழை சொன்னபடி கேட்கும். மாதுளையும் கொய்யாவும் ஊடகத்தையே கறுக்கடித்து அடம்பிடிக்கும். மா இன்னும் மல்லுக்கட்டுகிறது. வேர் வந்தும் பாட்டிலை விட்டு வெளியே எடுத்ததும் வாடிச் சாகும் கன்றுகள் ஏராளம். ஈரப்பதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்கணும். அங்கே தேவை இவள் மாதிரிக் கண்.

இதைப் படிக்கப் பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி, மதுரை ஒத்தக்கடையில் 1965-இல் தொடங்கிய வேளாண் கல்லூரி. இரண்டும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. நாலு வருடப் படிப்பு, பிளஸ் டூ மார்க்கை வைத்துச் சேர்க்கை, நீட் கிடையாது. ஆரம்பச் சம்பளம் ஐடிக்காரன் முன்னால் சொல்லிக்கொள்ளும்படி இருக்காது, மறைக்கவில்லை. ஆனால் அடகு வைக்காமல் படிக்கலாம். பணம் குறைந்தால் வங்கியில் கல்விக்கடன் கேட்போம், கந்துவட்டிப் பக்கம் போகாதீர்கள்.

மாமனை என்னிடம் அனுப்புங்கள், பேசிக்கொள்கிறேன். அடுத்த வாரம் மகளைப் பெரியகுளம் கூட்டிப்போய்க் காட்டுங்கள். அந்தக் கொய்யாக் கிளையை மட்டும் அவசரப்பட்டு வெட்டிவிடாதே தாயி. வேர் கொஞ்சம் பழுப்பேறட்டும்.