கறுப்புக் கோட்டைக் கழற்றிவிட்டு சீரியல் எழுதப் போகலாமா?

கேள்வி: ஆறு வருஷமாக ஜில்லா கோர்ட்டில் வக்கீல். வாய்தாவுக்குக் காத்திருக்கிற நேரத்தில் கதை எழுதிப் பழகினேன். இப்போது ஒரு டி.வி. சீரியலுக்கு வசனம் எழுதக் கூப்பிடுகிறார்கள். "இதற்கா உன்னை பி.எல். படிக்க வைத்தேன்?" என்று அப்பா சண்டைக்கு வருகிறார். இப்படிப் போய் உருப்பட்டவர் யாராவது உண்டா?
- வாசகர், விருதுநகர்

பதில்: உண்டு, அதுவும் சாதாரணமாக உருப்படவில்லை. அமெரிக்காவில் டேவிட் இ. கெல்லி என்று ஒருவர். பாஸ்டனில் 1983-இல் சட்டப் படிப்பை முடித்து அங்கேயே ஒரு வக்கீல் ஆபீஸில் சேர்ந்தார். பார்த்ததெல்லாம் பெரும்பாலும் வீடு, நிலம் கைமாறுகிற விவகாரங்களும் சில்லறை கிரிமினல் கேஸ்களும்தான். சும்மா பொழுதுபோக்குக்கு ஒரு கோர்ட் கதையைத் திரைக்கதையாக எழுதி வைத்தார். 1986-இல் டி.வி. தயாரிப்பாளர் ஸ்டீவன் போச்கோ 'எல்.ஏ. லா' என்கிற வக்கீல் தொடருக்குச் சட்டம் தெரிந்த எழுத்தாளர்களைத் தேடிக்கொண்டிருந்தபோது (அவரோடு சேர்ந்து அதை உருவாக்கிய டெர்ரி லூயிஸ் ஃபிஷரே அரசு வக்கீலாக இருந்தவர்தான்) கெல்லியின் அந்தத் திரைக்கதை போச்கோ கைக்குப் போனது, கெல்லிக்கு வேலை கிடைத்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது இதற்கு அப்புறம் நடந்ததை. முதல் வருஷம் முழுக்க மனுஷன் பாஸ்டன் ஆபீஸை விடவில்லை! தொடர் ஊத்திக்கொண்டால் திரும்பி வந்து உட்கார ஒரு நாற்காலி வேண்டுமே. 1989-இல் போச்கோ விலகிக்கொள்ள, தொடரின் பொறுப்பு கெல்லியிடம் வந்தது. 1997-இல் 'தி பிராக்டிஸ்', 'ஆலி மெக்பீல்' என்று இரண்டு தொடர்கள், இரண்டும் பாஸ்டன் வக்கீல் ஆபீஸ் கதை, ஒன்றில் கொலைக் கேஸும் மனசாட்சியும், இன்னொன்றில் காதலும் கிறுக்குத்தனமும். 1999-இல் சிறந்த நாடகத் தொடர், சிறந்த நகைச்சுவைத் தொடர் என்று அமெரிக்க டி.வி.யின் பெரிய விருதான எம்மி இரண்டும் ஒரே ராத்திரியில் இவற்றுக்கே போயின. இவ்வளவையும் டைப் அடிக்காமல், வக்கீல்கள் குறிப்பெடுக்கிற மஞ்சள் பேடில் கையால் எழுதியவர்.

செக்‌ஷன் நம்பர் தெரிந்ததாலா ஜெயித்தார்? அதை யாரும் புத்தகத்தைப் புரட்டித் தெரிந்துகொள்ளலாம். கட்சிக்காரன் தப்பு செய்திருப்பான் என்று உள்ளுக்குள் தெரிந்தும் எழுந்து நின்று அவனுக்காக வாதாடி, விடுதலையும் வாங்கிக் கொடுத்துவிட்டு, படி இறங்கும்போது ஒரு வக்கீலுக்கு வயிற்றைப் பிசையுமே, அதை அவர் எழுதினார். ஆறு வருஷத்தில் உங்களுக்கும் ஒரு தடவையாவது பிசைந்திருக்கும். பி.எல். வீண்போகவில்லை என்று அப்பாவிடம் சொல்லுங்கள். நம்புவாரா என்பது வேறு விஷயம்.

சரி, காரியத்துக்கு வருவோம். முழுநேரச் சம்பள வேலையில் சேர்ந்தால் பார் கவுன்சில் விதிப்படி நீங்கள் பிராக்டிஸ் பண்ணக்கூடாது, கவுன்சிலுக்குத் தெரிவித்து நிறுத்திவைக்க வேண்டும். முழுநேரம் இல்லாமல் பத்திரிகைக்கு எழுதுவது, ஒலிபரப்பில் ஈடுபடுவது போன்றவற்றுக்கு அதே விதிகள் இடம் தருகின்றன. அதனால் மாதச் சம்பளம் என்று கையெழுத்துப் போடாதீர்கள், எபிசோடுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். ஒப்பந்தத்தை நீங்களே படித்துவிடாமல் சீனியரிடம் காட்டுங்கள்; சொந்தக் கேஸில் எந்த வக்கீலுக்கும் கண் தெரியாது. அப்புறம், கெல்லியின் தொடர்கள் வாரத்துக்கு ஒரு எபிசோடுதான். உங்களைக் கூப்பிடுகிறவர்களுக்குத் தினம் ஒன்று வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். பகலில் வாய்தா, ராத்திரியில் மாமியார் வசனம் என்றால் மூன்றே மாதத்தில் ஜட்ஜ் முன்னால் மாமியார் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவீர்கள்.