கேளுங்கள், சொல்கிறோம்: ஆறு லட்ச ரூபாய் கேமிங் கம்ப்யூட்டர் தேவையா?

கேள்வி: வயது 27, ஐடி வேலை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. போனஸ் வந்திருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 5090 கிராபிக்ஸ் கார்டு போட்டு ஆறு லட்சத்துக்கு ஒரு சிஸ்டம் அசெம்பிள் பண்ண கொட்டேஷன் வாங்கிவிட்டேன். நண்பர்களில் பாதிப் பேர் "செம" என்கிறார்கள், மீதிப் பேர் "உனக்கென்ன பைத்தியமா" என்கிறார்கள். கொடுக்கிற காசுக்கு இது தகுமா? – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எல்லாம் எழுதினீர்கள், மானிட்டர் என்ன என்று மட்டும் எழுதவில்லையே! வீட்டில் இருக்கும் பழைய 1080பி (ஃபுல் எச்டி), 60 ஹெர்ட்ஸ் மானிட்டரிலேயே செருகப்போகிறீர்கள் என்றால் பேச்சை இங்கேயே முடித்துக்கொள்ளலாம். கார்டு நொடிக்கு 300 ஃபிரேம் (தனித்தனிப் படம்) வரைந்து தள்ளினாலும் அந்த மானிட்டர் காட்டப்போவது 60தான், 60 ஹெர்ட்ஸ் என்றால் அதுதான் அர்த்தம்.

4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள், 1080பி-யில் 21 லட்சம்கூட இல்லை. அந்த நாலு மடங்கு வேலையைச் செய்யத்தான் இந்த ராட்சசக் கார்டு. 2025 ஜனவரியில் இதைத் தயாரிக்கும் என்விடியா இந்தியாவுக்கு அறிவித்த விலையே 2,14,000 ரூபாய், கடையில் அதற்கும் மேலேதான் சொல்வார்கள். அதே வரிசையில் 5070-க்கு அறிவித்தது 59,000. விலை மூன்றரை மடங்குக்கு மேல், ஆனால் வேகம் 4கே-யிலேயே இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். 1080பி-யில் அதுவும் வராது, ஏனென்றால் கார்டுக்கு முன்னால் பிராசசர் மூச்சு வாங்க ஆரம்பித்துவிடும்.

இன்னொன்று, இவ்வளவு கொடுத்தாலும் எல்லாமே வழுக்கிக்கொண்டு ஓடும் என்று நினைக்காதீர்கள். சைபர்பங்க் 2077 கேமை 4கே-யில் பாத் டிரேசிங் (ஒளி போகும் பாதையை நிஜம்போலக் கணக்கிடுவது) போட்டு, டிஎல்எஸ்எஸ் என்ற என்விடியாவின் ஏஐ வேகக்கூட்டி உதவி இல்லாமல் ஓட்டினால் 5090-லேயே முப்பது ஃபிரேம்கூட வராது, இது என்விடியாவே காட்டிய கணக்கு. டிஎல்எஸ்எஸ் போட்டால் 200-ஐத் தாண்டும், சரி, ஆனால் அதில் பெரும்பகுதி ஏஐ இடையில் செருகும் ஃபிரேம்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் மவுஸை அசைத்ததும் கைக்குக் கிடைக்கிற அந்தச் சுறுசுறுப்பு அந்த ஃபிரேம்களால் அதிகரிக்காது.

பிராசசரிலும் விலை கூடியதுதான் நல்லது என்று இல்லை. எட்டு கோர் (கணக்குப் போடும் பகுதி) உள்ள ரைசன் 7 9800எக்ஸ்3டி, கேமில் தன்னைவிட விலை அதிகமான, பதினாறு கோர் ரைசன் 9 9950எக்ஸை முந்துகிறது. பிராசசருக்குள்ளேயே அதிகப்படியாக வைத்திருக்கும் கேஷ் என்ற வேகமான மெமரிதான் காரணம். கொட்டேஷனில் "டாப் மாடல்" என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருந்தால் அங்கே ஒரு கோடு போடுங்கள்.

அப்புறம் கடைக்காரர் சொல்லாத சமாச்சாரம். 5090 கார்டு மட்டும் 575 வாட் வரை இழுக்கும். மொத்த சிஸ்டம் 750 வாட் என்று வைத்தாலும், தினமும் நாலு மணி நேரம் ஆடினால் ஒரு நாளைக்கு 3 யூனிட், ஈபி-யின் இரண்டு மாதக் கணக்கில் 180 யூனிட். அந்த 750 வாட்டும் கடைசியில் சூடாக உங்கள் அறைக்குள்தான் வரும். மே மாதம் கதவைச் சாத்திக்கொண்டு ஆடுகிறீர்கள் என்றால், ஒரு டன் ஏசியின் குளிர்ச்சியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இந்தப் பெட்டியே தின்றுவிடும். வீட்டில் வழக்கமாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் இதைத் தாங்காது, கரண்ட் போன நொடியே கேமும் போகும். உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் 1000 வாட் வேண்டும், காற்றோட்டமான பெரிய கேபினெட் வேண்டும். ஆறு லட்சம் எப்படி வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

என் பங்குக்கு நான் சொல்வது: 1080பி-க்கும் 4கே-க்கும் நடுவில் உள்ள 1440பி, 144 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒரு நல்ல மானிட்டர், அதற்கேற்ற 5070 அல்லது அதற்கு ஒரு படி மேலான 5070 டிஐ. இரண்டு, இரண்டேகால் லட்சத்தில் முடிக்கப் பாருங்கள், கேமில் கிராபிக்ஸ் செட்டிங்ஸை அல்ட்ராவிலிருந்து ஹை-க்கு ஒரு படி இறக்குங்கள். ஓடுகிற ஓட்டத்தில் வித்தியாசம் தெரியாது. வீடியோ எடிட்டிங், 3டி, ஏஐ மாடல் என்று அதே கார்டு சம்பாதித்துத் தரும் என்றால் கதை வேறு, அந்த 32 ஜிபி மெமரிக்கு அப்போதுதான் அர்த்தம். மற்றபடி கடன் இல்லை, இஎம்ஐ இல்லை, ஆசை மட்டும்தான் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், உங்கள் காசு. 'தேவை' என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒரே தடவை பெரிதாக வாங்கிவிட்டால் ஏழெட்டு வருடத்துக்குத் தொட வேண்டியதில்லை என்கிறார்களே? – வாசகி, திருச்சி

பதில்: சில சமயம் உண்மை, சில சமயம் அநியாயம். என்விடியாவின் அப்போதைய உச்சக் கார்டான 3090 டிஐ 2022 மார்ச்சில் 1,999 டாலருக்கு வந்தது. 2023 ஜனவரியில் 799 டாலருக்கு வந்த அடுத்த வரிசையின் 4070 டிஐ, 1440பி-யில் ஏறக்குறைய அதற்குச் சமமாக ஓடியது. ஒரு வருடம்கூட ஆகவில்லை! அதற்காக அந்த வரிசையின் உச்சக் கார்டான 4090 வாங்கியவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது. 2022 அக்டோபரில் வாங்கினார்கள், 2025-இல் வந்த 5080-ஆலும் அதை முந்த முடியவில்லை. ஏஐ வேலைக்காகப் பலரும் இந்தக் கார்டைத் தேடியதால் பழைய கார்டுக்கும் நல்ல விலை கிடைத்தது. எது எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரியாது என்பதால்தான், நடுத்தரக் கார்டை இரண்டு தடவை வாங்குவது பாதுகாப்பு என்கிறேன். பழையதை விற்றால் ஓரளவு காசாவது கைக்கு வரும்.

கேள்வி: மகன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான். படிப்புக்கு இரண்டரை லட்ச ரூபாய் கேமிங் லேப்டாப் கட்டாயம் வேண்டும் என்கிறான். நம்பலாமா? – ஒரு அப்பா, கரூர்

பதில்: சார், பையன் விவரமானவன். கோடிங் படிக்க 16 ஜிபி ரேம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். ஏஐ பாடம் வந்தால் இணையத்தில் இலவசமாகவே ஜிபியூ (கிராபிக்ஸ் சிப்) பயன்படுத்தத் தருகிறார்கள், ஆரம்பப் பாடத்துக்கு அது தாராளம். கேம் ஆடத்தான் கேட்கிறான் என்றால் அதை நேராகச் சொல்லச் சொல்லுங்கள், அதில் தப்பொன்றும் இல்லை. ஒரு எச்சரிக்கை: லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் நம்பரை டெஸ்க்டாப் நம்பரோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். 5090 என்றே எடுத்துக்கொண்டால், டெஸ்க்டாப் கார்டில் 21,760 கோர், லேப்டாப்பில் 10,496. பெயர் மட்டும் ஒன்று.

கேள்வி: நான் வேலோரண்ட் மட்டும்தான் ஆடுவேன். எவ்வளவு செலவு செய்யலாம்? – வாசகர், நாகர்கோவில்

பதில்: அந்த கேமின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலில் தனிக் கார்டே இல்லாமல் பிராசசருக்குள்ளேயே வந்த 2012 காலத்து இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ்தான் இருக்கிறது தம்பி. சுமாரான கார்டு ஒன்று போட்டு, காசை 144 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் நல்ல மவுஸிலும் போடுங்கள். இன்டர்நெட் லைனையும் வைஃபையில் விடாமல் கேபிளில் இழுத்துக்கொள்ளுங்கள்.