41 வயதில் மறுபடியும் நர்சிங் மாணவியா?

அன்புள்ள மேடம்,

பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம். ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, கல்யாணத்துக்குப் பிறகு இங்கே ஒரு நர்சிங் ஹோமில் ஐ.சி.யு.வில் வேலை பார்த்தேன். இரண்டாவது பிரசவத்தோடு அது நின்றுபோனது. இப்போது எனக்கு 41 வயது. பெரியவள் பி.யு.சி. இரண்டாம் வருஷம் (நம் ஊர் ப்ளஸ் டூ), சின்னவன் எட்டாவது. மறுபடி படிக்க வேண்டும், அதுவும் மனநல நர்சிங்தான் படிக்க வேண்டும் என்று மனசு அடம்பிடிக்கிறது.

காரணம் என் தம்பி. பி.காம். படிக்கும்போது அவனுக்கு ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் வந்தது; இல்லாத குரல்கள் காதில் கேட்கும். மனநோய் தீரும் என்ற நம்பிக்கையில் முதலில் குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார்கள். மதுரையில் டாக்டரிடம் காட்டியதெல்லாம் அதற்குப் பிறகுதான். கொஞ்சம் தெளிந்ததும் அப்பா மாத்திரையை நிறுத்திவிடுவார், திரும்பவும் வார்டு. அவனோடு அங்கே தங்கியது நான். அந்த வார்டில் ஒரு சிஸ்டர் இருந்தார். தம்பி சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தால் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “சத்தம் இன்னைக்கு ஜாஸ்தியா கேக்குதாப்பா?” என்பார். வீட்டில் நாங்கள் யாரும் அப்படிக் கேட்டதில்லை. “ஒண்ணும் கேக்கல, சும்மா இரு” என்று அடக்கத்தான் தெரியும்.

தம்பி இப்போது பரவாயில்லை. அம்மாவோடு ஊரில் இருக்கிறான், ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்வருகிறான். நான் படிக்கப்போவதாகச் சொன்னதும், “வேணாங்க்கா, அப்புறம் மாத்திரை போட்டியான்னு தெனம் ரெண்டு தடவ போன் பண்ணுவ” என்கிறான். கணவர், “ஐ.சி.யு.வுக்கே திரும்பிப் போ, சம்பளமாவது வரும்” என்கிறார். மாமியாருக்கு, இங்கே உள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் பேரை எடுத்தாலே முகம் மாறுகிறது. இருபத்திரண்டு வயசுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தால் எனக்கு மண்டையில் ஏறுமா என்ற பயம் வேறு. நான் ஆசைப்படுவது சரியா மேடம்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெங்களூரு

அன்புச் சகோதரிக்கு,

வயது விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். ஜி.என்.எம். முடித்தவருக்கு இரண்டு வழிகள். ஒன்று, மனநல நர்சிங்கில் ஓராண்டு போஸ்ட் பேசிக் டிப்ளமோ, நிம்ஹான்ஸிலும் உண்டு. மற்றது, இரண்டு ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி., அதன் மேல் இரண்டு ஆண்டு எம்.எஸ்சி. கற்பிக்கும் ஆசை இல்லையென்றால் உங்களுக்கு முதல் வழியே போதும் என்பது என் எண்ணம். வயது வரம்பு இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அந்த வருஷ அறிவிப்பைப் பாருங்கள். அதற்கும் முன்னால், உங்கள் நர்சிங் கவுன்சில் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ஐ.சி.யு. அனுபவம் வீணாகிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். மனநோய் மாத்திரை எடுக்கும் ஒருவருக்குக் கடும் காய்ச்சல் வந்து உடம்பு விறைத்தால் அது உயிருக்கே ஆபத்தான நிலையாக இருக்கலாம். லித்தியம் என்ற மனநல மருந்து எடுப்பவருக்கு வாந்தியும் கைநடுக்கமும் அதிகமாகி நாக்கு குழறினால் உடனே ரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும். இதையெல்லாம் முதலில் கண்டுபிடிக்க வேண்டியவர் டியூட்டி நர்ஸ். உங்கள் கண் அதற்குப் பழகிய கண். மண்டையில் ஏறுமா என்கிறீர்கள். இருபத்திரண்டு வயசுப் பெண்ணுக்குத்தான் இது வெறும் பாடம்.

தம்பி விஷயத்துக்குத்தான் நான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் ஒருவருக்கு நோய் வந்ததால் இந்தத் துறைக்கு வருபவர்கள் நிறைய. அதில் தவறே இல்லை. ஆனால் நம் நாட்டு மனநல வார்டில் பெரும்பாலும் நோயாளியோடு அம்மாவோ அக்காவோ கூடவே தங்குவார்கள். மருந்து கொடுப்பதைப் போலவே, கூட இருப்பவருக்கு நோயைப் புரியவைப்பதும் நர்ஸின் வேலை. அங்கே ஒரு நாள் ஓர் அப்பா வந்து நிற்பார்: “பையன் நல்லாத்தானே இருந்தான், அதான் மாத்திரையை நிறுத்திட்டேன்.” அவர்மேல் உங்களுக்குக் கோபம் வருமா? அது அவர்மேல் வருகிற கோபமா, உங்கள் அப்பா மேலா? இந்தக் கேள்வியை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள்.

பயிற்சியில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு. நோயாளியோடு பேசிவிட்டு வந்து, அவர் சொன்னதை ஒரு பத்தியில், நீங்கள் சொன்னதை அடுத்த பத்தியில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை அதற்கடுத்த பத்தியில் வார்த்தைக்கு வார்த்தை எழுத வேண்டும். ஆசிரியை அதைக் கேள்வி கேட்பார். “எனக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், மாத்திரை வேணாம்” என்று ஒருவர் சொன்ன இடத்தில் நீங்கள் தம்பிக்குச் சொல்ல நினைத்ததை எழுதியிருந்தால், மூன்றாவது பத்தியில் அது அகப்பட்டுவிடும். அந்த ஆசிரியை உங்களைவிடச் சின்னவராக இருக்கலாம். சொல்லிக்காட்டும்போது கசக்கும், எழுதினதை மாற்றாமல் கொடுங்கள்.

அந்த ஸ்டூல் சிஸ்டர் என்ன செய்தார் பாருங்கள். சத்தம் கேட்பது உண்மைதான் என்றும் சொல்லவில்லை, பொய் என்று மறுக்கவும் இல்லை. அவனுக்கு அது எப்படி இருக்கிறது என்று கேட்டார். பேச்சுதான் இந்த வேலையில் கையில் இருக்கும் கருவி. அதனால் கேட்கிறேன், உங்கள் கன்னடம் எப்படி? காய்கறி வாங்கும் கன்னடம் போதாது. தும்கூரிலிருந்து வந்த பாட்டி தன் சந்தேகத்தைச் சொல்லும்போது அதில் உள்ள நடுக்கம் உங்களுக்குப் புரிய வேண்டும். பெரியவள் கன்னடம் படிக்கிறாள் என்றால் இன்றைக்கே அவளிடம் ஆரம்பியுங்கள்.

மாமியார் பயப்படுவது சினிமாவில் பார்த்த ஆஸ்பத்திரியை நினைத்து. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் சங்கிலியால் கட்டுவதற்கும், மயக்க மருந்து இல்லாமல் மின்னதிர்ச்சி கொடுப்பதற்கும் தடை இருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்து, சங்கிலியோடு 28 பேர் கருகியதைப் பார்த்த தலைமுறை அவர், சொன்னால் புரிந்துகொள்வார். புரியாவிட்டாலும், வேலைக்குப் போகப்போவது நீங்கள்தானே.

கணவரிடம் மட்டும் தம்பி கதையைச் சொல்லாதீர்கள். அது அவருக்குத் தெரியும். அவர் கேட்பது கணக்கு. எத்தனை மாதம் சம்பளம் இல்லை, கட்டணம் எவ்வளவு, நைட் டியூட்டி வரும் வாரத்தில் சின்னவனை யார் பார்த்துக்கொள்வது, பெரியவளின் காலேஜ் செலவும் உங்கள் படிப்பும் ஒரே ஜூனில் வந்து மோதுமா என்று காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் உட்காருங்கள். மோதுகிறது என்றால் ஒரு வருஷம் தள்ளிப்போட்டு, அதுவரை ஐ.சி.யு.வில் சம்பாதிப்பது தோல்வி இல்லை.

தம்பி கேட்டது நியாயமான கோரிக்கை. போன் வாரத்துக்கு ஒரு தடவை போதும்.