சான்றிதழைப் புதுப்பித்ததும் பிஎல்சி சேர்த்துக்கொள்ள மறுக்கிறது

கேள்வி: பாய்லரை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியான பிஎல்சியிலிருந்து, ஆலைக் கருவிகள் தகவல் பரிமாறும் பொதுத் தரமான ஓபிசி யூஏ வழியாக ரிப்போர்ட் எடுக்கிறோம். ரிப்போர்ட் எடுக்கும் கம்ப்யூட்டரின் (கிளையன்ட்) அடையாளச் சான்றிதழ் காலாவதியானதால், சான்றிதழ் செய்யும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எல் கமாண்டில் புதிதாக ஒன்று செய்து போட்டேன். ‘பேட் செக்யூரிட்டி செக்ஸ் ஃபெயில்டு’ என்று மட்டும் வருகிறது. சிஸ்டம் போட்டுத் தந்தவர், முறையான சான்றிதழை விலைக்கு வாங்கச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். அவர் காட்டுவது வெப்சைட்டுக்கான சான்றிதழ். அதில் டொமைன் பெயர், ஐபி முகவரி தவிர வேறெதையும் சேர்க்க மாட்டார்கள். உங்களுக்கு வேண்டியதோ அப்ளிகேஷன் யூஆர்ஐ, அதாவது உங்கள் கிளையன்ட் மென்பொருளின் தனி அடையாளப் பெயர். காசு கொடுத்து வாங்கினாலும் பிஎல்சி அதைத் தள்ளிவிடும்.

நீங்கள் பார்க்கும் பிழைச் செய்தி வேண்டுமென்றே மொட்டையாக வைக்கப்பட்டது. ஊடுருவுகிறவனுக்குத் துப்புக் கிடைக்கக்கூடாதாம், சொந்தக்காரனுக்கும் கிடைப்பதில்லை! உண்மைக் காரணம் சர்வர் (இங்கே பிஎல்சி) குறித்துவைக்கும் லாகில்தான் இருக்கும்.

பெரும்பாலும் விஷயம் இதுதான்: புதுச் சான்றிதழின் தம்ப்பிரின்ட் (கைரேகை போன்ற அடையாள எண்) வேறு, எனவே சர்வருக்கு நீங்கள் அந்நியர். அது ‘ரிஜெக்டட்’ ஃபோல்டரில் கிடக்கும், ‘டிரஸ்டட்’டுக்கு நகர்த்துங்கள். அந்த ஃபோல்டர் எங்கே என்பதில் ஒரு கம்பெனியும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. பெயருக்குத்தான் பொதுத் தரம்.

அப்படியும் மறுத்தால், ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எக்ஸ்509 கமாண்டில் சான்றிதழைத் திறந்து, ‘சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்’ வரியைப் பாருங்கள். அங்குள்ள யூஆர்ஐ, கிளையன்ட் செட்டிங்கில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கம்ப்யூட்டர் பெயரை மாற்றியிருந்தால் இங்கேதான் உதைக்கும். தேதியையும் பாருங்கள்: எத்தனை நாள் என்று சொல்லும் ‘டேஸ்’ கொடுக்காமல் செய்திருந்தால் ஆயுள் 30 நாள்தான்.

உங்கள் நிறுவனமே சொந்தமாக சிஏ (சான்றிதழ்களில் கையொப்பமிட்டுத் தரும் அமைப்பு) வைத்திருந்தால் கதை வேறு. அப்போது சிஏ சான்றிதழை சர்வரில் ஏற்றினால் மட்டும் போதாது, ரத்துப் பட்டியலான சிஆர்எல்லும் வேண்டும். ஒரு சான்றிதழைக்கூட ரத்து செய்யாவிட்டாலும், காலிப் பட்டியலாவது இருந்தே ஆக வேண்டும். அதற்கும் காலாவதி உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் மாதிரி கான்ஃபிக் ஃபைலை அப்படியே எடுத்திருந்தால் அதுவும் 30 நாள். யாரும் எதையும் தொடாமலே ஒருநாள் இணைப்பு நின்றதென்றால் முதலில் பார்க்க வேண்டியது இதை.

எல்லாவற்றுக்கும் மேல், செக்யூரிட்டியை ‘நன்’ (எதுவும் வேண்டாம்) என்று வைத்துவிட்டு ‘சரியாயிடுச்சு சார்’ என்பவரை உள்ளே விடாதீர்கள். சான்றிதழின் ரகசியச் சாவியான பிரைவேட் கீயை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்பவரையும்தான். அது கிளையன்ட் கம்ப்யூட்டரை விட்டு வெளியே போகக்கூடாது. ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? புதுக் கீ செய்து, பழைய சான்றிதழை ‘டிரஸ்டட்’டிலிருந்து இன்றே நீக்குங்கள்.