ஞாயிறு காலை மட்டும் திணறும் சர்வர்: கிளவுடுக்கு மாறலாமா?

கேள்வி: மதுரையில் போட்டித் தேர்வுப் பயிற்சி மையம் நடத்துகிறோம். ஞாயிறுதோறும் காலை 10 மணிக்கு இணையவழி மாதிரித் தேர்வு. சுமார் 3,000 பேர் ஒரே நேரத்தில் உள்ளே நுழைவதால் சர்வர் முடங்கிவிடுகிறது. மற்ற நாட்களில் நூறு பேர் வந்தாலே அதிகம். எங்கள் மென்பொருள் பிஎச்பி என்ற நிரல்மொழி, மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் (தரவுத்தளம்) இரண்டையும் கொண்டு எழுதப்பட்டது. சர்வர்களை இணையவழி வாடகைக்குத் தரும் கிளவுடு சேவைக்குப் போவதென்றால் அமேசான், மைக்ரோசாப்ட், கூகுள் மூன்றில் எதற்கு மாறலாம்? செலவு கட்டுப்படியாகுமா?

பதில்: தாராளமாக மாறலாம். ஒரு மாதத்துக்குச் சுமார் 730 மணி நேரம். ஞாயிறுக்கு நான்கு மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும், உங்களுக்குப் பெரிய சர்வர் வேண்டியிருப்பது அதில் 16 மணி நேரம்தான். மகளின் கல்யாணத்துக்காக யாரும் வீட்டை இடித்துப் பெரிதாகக் கட்டுவதில்லை. மண்டபத்தை வாடகைக்கு எடுக்கிறோம். அமேசான் 2006-இல் எஸ்3 (கோப்புச் சேமிப்பு), ஈசி2 (வாடகைச் சர்வர்) ஆகிய சேவைகளைத் தொடங்கியபோது விற்க ஆரம்பித்ததும் இந்த வாடகையைத்தான். கூகுள் 2008-இலும், மைக்ரோசாப்டின் அஸூர் 2010-இலும் களத்துக்கு வந்தன. இப்போது லினக்ஸ் இயங்குதளத்தில் ஓடும் சர்வர்களுக்கு அமேசான் நொடிக்கணக்கிலேயே கட்டணம் வாங்குகிறது.

இந்த நிறுவனங்களின் பட்டியலைத் திறந்தால் நூற்றுக்கணக்கான சேவைகள் கண்ணில் படும். மிரள வேண்டாம். உங்களுக்கு வேண்டியவை நான்கு: மென்பொருள் ஓடுவதற்கு மெய்நிகர் சர்வர் (ஒரு பெரிய கணினியில் மென்பொருளால் பிரித்துத் தரப்படும் பங்கு), வருபவர்களைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர், வினாத்தாள், படங்கள், பிடிஎஃப் கோப்புகளுக்கு எஸ்3 போன்ற சேமிப்பகம், பராமரிப்பை நிறுவனமே பார்த்துக்கொள்ளும் டேட்டாபேஸ். கடைசியாகச் சொன்னதற்கு அமேசானில் ஆர்டிஎஸ், கூகுளில் கிளவுட் எஸ்க்யூஎல் என்று பெயர். மைஎஸ்க்யூஎல்லை நீங்களே ஒரு சர்வரில் நிறுவிக்கொண்டால் செலவு குறையும் என்று சிலர் சொல்வார்கள். தினசரி பேக்கப் எடுக்கவும், பாதுகாப்புத் திருத்தங்களைப் போடவும் முழுநேர ஆள் இல்லாத மையத்துக்கு அந்தச் சிக்கனம் வேண்டாம் என்பதே என் கருத்து.

கூட்டம் கூடினால் சர்வர்களின் எண்ணிக்கையைத் தானாகவே கூட்டும் ஆட்டோ ஸ்கேலிங் வசதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை மட்டும் நம்பி இறங்கினால் ஏமாந்துபோவீர்கள். சுமை ஏறிவிட்டது என்று அது உணர்ந்து, புதிய சர்வரை எழுப்பி, உங்கள் மென்பொருள் அதில் தயாராவதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். உங்கள் மாணவர்களோ சரியாகப் பத்து மணிக்கு மொத்தமாக வந்து நிற்கிறார்கள். எனவே கால அட்டவணைப்படி கூட்டும் முறையைத் தேர்ந்தெடுங்கள்: ஞாயிறு 9.30-க்கு ஆறு சர்வர், பிற்பகல் 1.30-க்கு மறுபடியும் ஒன்று. ஆறு என்பது ஓர் உதாரணத்துக்குத்தான். உண்மையான எண்ணிக்கை சோதித்துப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. ஆறு சர்வர்கள் வைத்தாலும், அத்தனையும் போய் நிற்பது ஒரே டேட்டாபேஸின் வாசலில். மாணவர் ஒவ்வொரு விடையைத் தொடும்போதும் உங்கள் மென்பொருள் டேட்டாபேஸில் எழுதுகிறதா என்று உங்கள் பொறியாளரிடம் கேளுங்கள். 3,000 பேர், 200 கேள்விகள் என்றால் ஒரே தேர்வில் 6 லட்சம் முறை எழுத வேண்டியிருக்கும். விடைகளை மாணவரின் பிரவுசரிலேயே வைத்திருந்து, ஓரிரு நிமிடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக அனுப்பும்படி மாற்றினால் சுமை வெகுவாகக் குறையும். எல்லாரும் ஒரே நொடியில் அனுப்பாதபடி நேரத்தைச் சற்று முன்பின்னாகப் பரப்பிவிடவும் சொல்லுங்கள். இந்தத் திருத்தத்தைச் செய்யாமல் எந்த நிறுவனத்தின் கிளவுடுக்குப் போனாலும் ஞாயிறு காலைத் தலைவலி கூடவே வரும்.

செலவுக்கு வருவோம். சர்வர் வாடகையைவிட, கவனிக்காமல் விட்டவையே பில்லை ஏற்றும். சர்வரை நிறுத்தி வைத்தாலும் அதன் டிஸ்குக்கான கட்டணம் ஓடிக்கொண்டிருக்கும். 2024 பிப்ரவரி முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் எண்) மணிக்கு அரை சென்ட் வாங்குகிறது. பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் மாதம் மூன்றரை டாலருக்கு மேல். எல்லாவற்றையும்விடப் பெரியது, வெளியே போகும் தரவுக்கான கட்டணம். 500 எம்பி அளவுள்ள வகுப்பு வீடியோ ஒன்றை அமேசானின் மும்பைத் தரவு மையத்தில் எஸ்3-இல் வைத்து 2,000 பேர் நேரடியாக இறக்கினால், வெளியே போவது 1,000 ஜிபி. மாதம் முதல் 100 ஜிபி இலவசம். மீதிக்கு ஜிபிக்குச் சுமார் 11 சென்ட் வீதம் நூறு டாலர் ஆகிவிடும். ஒரே ஒரு வீடியோவுக்கு! வீடியோக்களை யூடியூபில், இணைப்பு தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி வைத்துவிட்டுத் தேர்வை மட்டும் கிளவுடில் நடத்துங்கள். இந்தக் கட்டணங்கள் மாறக்கூடியவை. இறங்குமுன் நிறுவனங்களின் கட்டணக் கணிப்பானில் போட்டுப் பாருங்கள். இந்தியாவில் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும்.

செலவு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் மின்னஞ்சல் அனுப்பும் பட்ஜெட் எச்சரிக்கையை முதல் நாளே வைத்துவிடுங்கள். அது எச்சரிக்கும், அவ்வளவுதான். நீங்களாக ஏற்பாடு செய்யாவிட்டால் எதையும் நிறுத்தாது.

மூன்றில் எது? உங்கள் மென்பொருள் மூன்றிலும் ஓடும். அமேசானுக்கு மும்பை, ஹைதராபாத்; கூகுளுக்கு மும்பை, டெல்லி; அஸூருக்குப் புனே, சென்னை, மும்பை என இந்தியாவிலேயே தரவு மையங்கள் இருப்பதால் வேகத்திலும் உங்களுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது. உங்கள் பொறியாளருக்குக் கைவந்தது எதுவோ அதுவே உங்களுக்கு நல்லது. டாட்நெட், எஸ்க்யூஎல் சர்வர் போன்ற மைக்ரோசாப்டின் தொழில்நுட்பங்களில் எழுதப்பட்டு இருந்திருந்தால் அஸூரை முதலில் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன்.

கணக்கை மட்டும் உங்கள் மையத்தின் பெயரிலும் மின்னஞ்சலிலும் தொடங்குங்கள். மென்பொருள் செய்து தருபவர் தம் பெயரில் தொடங்கிவிட்டால், நாளை அவரோடு மனக்கசப்பு வந்தால் மாணவர் விவரம் முழுவதும் அவர் கையில் இருக்கும். அவருக்குத் தேவையான அளவு அனுமதியுடன் தனிப் பயனர் கணக்கு கொடுத்தால் போதும். தலைமைக் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சரிபார்ப்பும்) கட்டாயம். சர்வர் அறையின் பூட்டு அந்த நிறுவனத்தின் பொறுப்பு; கடவுச்சொல்லும் அனுமதிகளும் உங்கள் பொறுப்பு.

உண்மையான தேர்வுக்கு முன், வார நாள் இரவு ஒன்றில் ஜேமீட்டர் போன்ற இலவசக் கருவியைக் கொண்டு 3,000 போலி மாணவர்களை உள்ளே அனுப்பிப் பாருங்கள். எங்கே அடைக்கிறது என்பது அன்றிரவே தெரிந்துவிடும். அதற்கான கூடுதல் சர்வர் வாடகை ஓரிரு மணி நேரத்துக்கு மட்டுமே.