கேமரா புடிக்கிற ஆளு காவலுக்கு ஆக மாட்டாரு

கேள்வி: அக்கா, நாங்க சேலம் அஸ்தம்பட்டி. மே லீவுல பசங்க ரெண்டு பேரையும் (பெரியவனுக்கு 14, சின்னவளுக்கு 10) கூட்டிட்டுப் போயி கோவளத்துல சர்ஃபிங் (போர்டுல நின்னு அலை மேல சறுக்கறது) கத்துக்கலாம்னு பிளான். பசங்க ஆத்தூர்ல தாத்தா தோட்டத்துக் கெணத்துல நீச்சல் பழகிருக்காங்க, எனக்கு நீச்சல் தெரியாது. வீட்டுக்காரர் புதுசா கேமரா வாங்கிருக்காரு, "நீ கரையில உக்காந்து பையப் பாத்துக்கோ, நான் போட்டோ எடுத்துட்டே பசங்களப் பாத்துக்கறேன்"ங்கறாரு. எனக்கு மனசு ஒப்பல. சொல்ல வெக்கமா இருக்கு, எனக்கும் அந்தப் போர்டுல ஒரு தடவ ஏறணும்னு ஆசை.

பதில்: இதுல வெக்கம் என்னம்மா இருக்கு, ஏறு! ஆரம்பப் பாடமே இடுப்பளவு தண்ணியிலதான், அகலமான சாஃப்ட் போர்டு, போர்டையும் காலையும் சேத்துக் கட்டற கயிறு, பக்கத்துலயே மாஸ்டர் நிப்பாரு. நீச்சல் தெரியாதவங்களையும் நெறைய எடத்துல சேத்துக்கறாங்க, ஆனா புக் பண்ணும்போதே போன்ல சொல்லிடு, மறைச்சுட்டு மட்டும் போயிடாத.

கோவளம்னதும் கேரளாக் கோவளம்னு உங்க வீட்ல யாராச்சும் நெனச்சிட்டிருந்தா தெளிவுபடுத்திடு, இது மாமல்லபுரம் போற ஈசிஆர் ரோட்டுல இருக்கறது. 2025 ஆகஸ்ட்ல ஆசிய சர்ஃபிங் போட்டி மாமல்லபுரத்துல நடந்து நம்ம ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினாரே, அந்த சீசன்ல வர்ற பெரிய அலை உங்களுக்கு வேணாம், மே மாசம்தான் சரி. மொத நாளே உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் வழியா போய்ச் சேந்து தூங்கி எந்திரிச்சு காலைல 6 மணிக்குத் தண்ணியில எறங்குங்க, வெயில் ஏற ஏற கடக்காத்து கெளம்பி அலையக் கலைச்சு விட்டுடும்.

உன் மனசு ஒப்பலன்னியே, அதான் சரி. கேமராக்குள்ள கண்ண வெச்சவரு அந்தச் சின்னக் கட்டத்துக்குள்ள இருக்கறத மட்டுந்தான் பாப்பாரு, பெரியவன் எந்திரிச்சு நிக்கறத ஃபோக்கஸ் பண்றப்ப சின்னவ எங்க போனான்னு அவருக்கு எப்பிடித் தெரியும்? கெணத்துல தண்ணி நம்மள எங்கயும் இழுத்துட்டுப் போகாது, கடல் அப்பிடி இல்ல. இழுத்தா எதுத்து நீந்தாம கரைக்கு இணையா பக்கவாட்டுல நீந்தி வெளிய வரணும், இத பசங்களுக்கு ரூம்லயே சொல்லிக் குடுத்துடு. மாஸ்டர் கூட இருந்தாலும் ஒரு பெரியவங்க கண்ணு சும்மா பசங்க மேலயே இருக்கணும், கையில கேமரா போன் எதுவும் கூடாது, மாத்தி மாத்தி அரை மணி நேரம் பாத்துக்கோங்க.

இப்ப அவரோட கேமராவுக்கு வர்றேன், பாவம் ஆசையா வாங்கிருக்காரு. அங்க சூரியன் கடல்ல இருந்துதான் மொளைக்கும், நேரா நின்னு எடுத்தா எல்லாரும் கருப்பு நெழலுதான், அதுவும் ஒரு அழகுதான்னு வைங்க, ஆனா மூஞ்சி வேணும்னா மே மாசத்துல சூரியன் கொஞ்சம் வடக்கால உதிக்கும், அதனால இவரு பசங்களுக்கு வடக்குப் பக்கமாத் தள்ளிப் போயி தெக்குப் பாத்து எடுக்கணும். ஷட்டர் ஸ்பீடு (ஒரு படம் பதிய ஆகற நேரம்) 1/1000 நொடிய விட மெதுவா இருக்கக் கூடாது. நம்ம ஏற்காடு பகோடா பாயிண்ட்ல மூடுபனிய எடுத்தா படம் அழுக்குச் சாம்பலா வருமில்ல, அலை நுரையும் அதே கததான், வெள்ளையப் பாத்து கேமரா ஏமாந்து இருட்டாக்கிடும், எக்ஸ்போஷர, அதாவது படத்தோட வெளிச்சத்த, ஒரு ஸ்டாப் (கேமராவுல +1) வரைக்கும் ஏத்தி வெக்கச் சொல்லு.

ஏசி ரூம்ல இருந்து நேரா வெளிய எடுத்தா லென்ஸ் வேர்த்துடும், பைக்குள்ளயே அரை மணி நேரம் வெளிக்காத்துல இருக்கட்டும். கடற்கரையில லென்ஸ் மாத்தவே கூடாது (நான் மாத்தி ஒரு லென்ஸ தலை முழுகினவ). ராத்திரி நல்ல தண்ணியில நனச்சுப் புழிஞ்ச துணியால உப்பத் தொடைக்கணும். வாட்டர்ப்ரூஃப் போன்னு கடல்ல முக்காதீங்க, அந்த டெஸ்ட்டெல்லாம் நல்ல தண்ணிக்கு.

நீ போர்டுல ஏறும்போது கேமரா பெரியவன் கையில, சின்னவ அப்பா கையில. நீ விழறதையும் எடுக்கட்டும், விழாம யாரு கத்துக்கிட்டா! கரையில பையப் பாத்துக்க ஆளே வேணாம், ரூம்லயே வெச்சுப் பூட்டிட்டுப் போங்க.